விட மறந்த பிரேக்

கூடுவாஞ்சேரியில் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டி இறங்கியபோதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. பெட்ரோல் வாடை இல்லை, டயர் தீயும் வாடையும் இல்லை. சூடு கூடிப்போன இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி கருகத் தொடங்கும்போது வருமே, அதற்கு நெருக்கமான ஒன்று. மதுராந்தகத்தில் கிளம்பியதிலிருந்தே வண்டி சோர்ந்துதான் ஓடியது. எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கம்போல உருண்டு போகாமல், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல வேகம் இறங்கியது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடையில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கி, விரலை நனைத்து நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் தெளித்தேன். மூன்றில் தண்ணீர் வழிந்து கீழே சொட்டியது. இடது பின்சக்கரத்தில் விழுந்த துளி 'சுர்' என்று மறைந்தது.

வண்டி, என் பெரியப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்ட் என்று வெளிவந்த கார் இது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. 1960களில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் இதைச் சென்னையில் தயாரித்தது. அதன் தொழிற்சாலை இருந்த வண்டலூர், நான் நின்ற டீக்கடையிலிருந்து சில கிலோமீட்டர்தான். பெரியப்பா போன பிறகு வண்டி என்னிடம் வந்தது. அந்த வருடம் ஐப்பசி தொடங்கி நாலு மாதம், மழையெல்லாம் முடியும்வரை, ஊரில் கீற்றுக் கொட்டகைக்குள் நின்றது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன். பொறுப்பாகச் செய்ததாகவே அப்போது நினைத்தேன்.

தாம்பரத்தில் எங்கள் வண்டிகளைப் பல வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் பாய்க்கு போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிடிச்ச பிரேக் விட மாட்டேங்குது சார். ஆறினாலும் ஓட்டாதீங்க. வண்டிய ஏத்தி அனுப்புங்க."

பிடித்தது விடவில்லை. பிரேக் என்றால் பிடிப்பது என்றுதான் நாம் எல்லோரும் புரிந்துவைத்திருக்கிறோம். வண்டி வாங்கும்போதும் "பிரேக் நல்லா பிடிக்குதா?" என்றுதான் கேட்கிறோம், "நல்லா விடுதா?" என்று கேட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பழைய காரின் டிரம் பிரேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்தால், பிடிப்பதைவிட விடுவதுதான் பொறியாளர்களை அதிகம் சோதித்திருக்கிறது என்று தெரிகிறது. பிடிப்பதற்கு ஒரு மனிதனின் கால் இருக்கிறது. விடுவதற்கு இருப்பது இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள்.

டிரம் பிரேக்கின் அமைப்பு எளிது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புச் சட்டி ஒன்று. அதுதான் டிரம். அதற்குள் சுழலாமல் நிற்கும் பிறை வடிவத் துண்டுகள் இரண்டு. அவை பிரேக் ஷூக்கள். ஷூவின் வெளிவளைவில் உராய்வுப் பட்டையான லைனிங் ஒட்டப்பட்டோ ரிவெட் அடிக்கப்பட்டோ இருக்கும். பெடலை மிதித்தால் சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டர் ஷூக்களை அகட்டும், லைனிங் டிரம்மின் உட்சுவரில் உராயும், சக்கரம் நிற்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங்குகள் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்த பிறகு லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட வராது. இந்த மயிரிழை இடைவெளிதான் சுதந்திரமாக ஓடும் வண்டிக்கும் தன்னையே பிடித்துக்கொண்டு ஓடும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம்.

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்கிறோம். இயற்பியல் கணக்கில் அது செய்வது ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. நாலு பேர் உட்கார்ந்த ஹெரால்டின் எடை சுமார் 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,50,000 ஜூல். அதை முழுவதும் நிறுத்தினால் அவ்வளவும் சூடாகத்தான் வெளியேற வேண்டும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. ஒரு தடவை நிறுத்தினால் நாலு பேருக்கு டீ போடலாம். இந்தச் சூடு நான்கு டிரம்களுக்கும் பிரிந்து போகிறது. அடுத்த தடவை மிதிப்பதற்குள் காற்று அவற்றை ஆற வைத்துவிடுகிறது. அதனால் நாம் அதை உணர்வதே இல்லை.

இப்போது விடாத பிரேக்கை எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு சக்கரம் வண்டியைப் பின்னோக்கி வெறும் ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்லிக்கொள்ளும்படியான இழுவையே அல்ல, ஒரு கையால் தூக்கும் காய்கறிப் பை. ஆனால் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 800 வாட்டுக்கு மேல் சூட்டைக் கிளப்புகிறது. வீட்டில் துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியின் அளவு அது. மூடிய இரும்புச் சட்டிக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் அணைக்காமல் விட்டதுபோல. அந்த ஒரு மணி நேரத்தில் சேரும் சூடு, 60 வேகத்திலிருந்து இருபது தடவை வண்டியை நிறுத்திய சூடு. அத்தனையும் ஒரே டிரம்முக்குள். டீக்கடையில் எனக்கு வந்த வாடை லைனிங் தீயத் தொடங்கிய வாடை.

பாயின் ஷெட்டில் வண்டி இறங்கியதும் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. கேள்வி கேட்டார். ஒரு சக்கரமா, இரண்டா, நாலுமா? பெடல் எப்படி இருந்தது? ஹேண்ட் பிரேக் லீவர் முன்புபோலவே மேலே வருகிறதா? மழைக்கு எங்கே நின்றது? மருத்துவர் நாடி பார்க்குமுன் கேட்பதுபோலத்தான். முதல் கேள்விக்கான பதிலிலேயே நோயின் பாதி தெரிந்துவிடும் என்பது பிறகு அவர் விளக்கியபோது புரிந்தது. அதைப் புரிந்துகொள்ள, பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

நடுவில் இருப்பது எண்ணெய். மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் பிளேஸ் பாஸ்கல் எழுதினார். அவர் இறந்த மறுவருடம், 1663இல், அந்த நூல் அச்சானது. அதைக் கார் பிரேக்குக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட். நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் பிரேக் வைத்து 1921இல் டூசன்பர்க் கார் வந்தது. ஹென்றி ஃபோர்டுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கம்பியையும் இரும்புத் தண்டையும்தான் நம்பினார். அவருடைய கார்கள் எண்ணெய் பிரேக்குக்கு மாறியது 1939ஆம் ஆண்டு மாடலில்தான். எண்ணெயின் பெரிய நன்மை, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தத்தைப் பாகுபாடில்லாமல் கொண்டுபோவது. அதன் பலவீனம், போன வழியே திரும்பி வர வேண்டியிருப்பது.

போவதற்கும் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். காலால் 30 கிலோ எடைக்குச் சமமாக மிதிக்கிறோம். பெடல் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது என்றால் 150 கிலோ. அது பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் நாலு சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழுந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 37 கிலோவுக்கு மேல் அழுத்தம். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல பதினைந்து மடங்குக்கும் மேல். இவ்வளவு அழுத்தத்தோடு எண்ணெய் ஷூக்களை நோக்கி ஓடுகிறது. துருவோ, அழுக்கோ, இறுகிய ரப்பரோ குறுக்கே வந்தாலும் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பும்போதோ, ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்குகள்தான் எண்ணெயைப் பிழிந்து அனுப்ப வேண்டும். அவற்றின் பலம் பதினைந்து, இருபது கிலோ என்று எடுத்துக்கொண்டால், அதே பரப்பில் திரும்பும் அழுத்தம் போன அழுத்தத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். போகும்போது பொருட்படுத்தாத தடை, வரும்போது மலையாக நிற்கும். முதுமை பிரேக்கைத் தொடும்போது முதலில் கெடுவது விடும் திறன்தான் என்பதற்கு இதுவே காரணம். பெடலில் கால் வைத்தால் எல்லாம் நன்றாகவே பிடிக்கும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

இனி பாயின் முதல் கேள்வி. நான்கு சக்கரமும் சூடாக இருந்தால் குற்றம் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில், மாஸ்டர் சிலிண்டரில் அல்லது பெடலில், இருக்க வேண்டும். பல பழைய கார்களின் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு துளை உண்டு. சில கார்களில் அதே வேலையை ஒரு சிறிய வால்வு செய்யும். பெடல் முழுக்க மேலே வந்தால்தான் அது திறக்கும். சூட்டில் விரியும் எண்ணெய் அந்த வழியாகத்தான் மேலே உள்ள டப்பாவுக்குள் போய் ஓய்வெடுக்கிறது. பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கொஞ்சம் 'ப்ளே' விட வேண்டும். "பெடல் லூசா இருக்கு" என்று யாராவது அந்த ப்ளேயை இறுக்கிவிட்டால் துளை எப்போதும் மூடியே கிடக்கும். வண்டி காலையில் நன்றாக ஓடும். பத்து கிலோமீட்டர் போனதும் சூடாகி விரிந்த எண்ணெய்க்குத் திரும்ப வழியில்லாமல் அது ஷூக்களையே தள்ளும். சூடு பிடிப்பைக் கூட்டும், பிடிப்பு சூட்டைக் கூட்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மெக்கானிக்குகளை அதிகம் அலையவிடும் கோளாறு இதுதான் என்பார் பாய்.

பின்சக்கரம் இரண்டும் மட்டும் சூடு என்றால், அம்பாசிடர் போன்ற வண்டிகளில் முதல் சந்தேகம் ஹோஸ் மீது. அவற்றில் பின்பக்க அச்சு ஒரே கட்டையாக இருக்கும். உடலிலிருந்து அச்சுக்கு ஒரே ஒரு ரப்பர் ஹோஸ் போய், அங்கிருந்து இரும்புக் குழாய்கள் இடமும் வலமும் பிரியும். ரப்பர் ஹோஸ் வெளியே புதுசு மாதிரி இருந்தாலும் உள்ளே ஊறி, உரிந்து, தொண்டை அடைத்துப்போயிருக்கலாம். மிதித்தால் எண்ணெயை விடும், திரும்பும்போது உள்தோல் மடிந்து கதவுபோல மூடிக்கொள்ளும். ஹெரால்டில் கதை வேறு. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு என்பதால் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனி ஹோஸ். இந்த அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் பிடிக்காமல், ஹெரால்டிலிருந்து பிறந்த ஸ்டாண்டர்ட் கெசல் காரில் சென்னை நிறுவனம் ஒற்றை அச்சுக்கே திரும்பிவிட்டது.

என் வண்டியில் சூடு இடது பின்சக்கரத்தில் மட்டும். அப்படியானால் அந்தப் பக்கத்து ஹோஸ், அந்தப் பக்கத்து ஹேண்ட் பிரேக் கேபிள், அந்த டிரம்முக்குள் இருப்பவை. இந்த மூன்றில் ஒன்று.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார்கள். பின் பிரேக்கைச் சோதிக்க ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும், விட்டால் வண்டி நகரும், ஜாக்கி சரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டியவர்கள் இறந்திருக்கிறார்கள். பாயின் ஷெட்டில் சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்காமல் யாரும் கீழே போக முடியாது. இந்தக் கண்டிப்புக்காகவே நான் அவரிடம் போகிறேன்.

சக்கரத்தைக் கையால் சுற்றினால் கால் சுற்று போய் நின்றது. உள்ளே 'சர்... சர்...' என்று ஒரே சீரான உரசல். சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசினால் டிரம் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கிறது என்று அர்த்தம். இது முழுச் சுற்றிலும் உரசியது. முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளை அந்தப் பக்கம் கழற்றிவிட்டார். சக்கரம் விடுபடவில்லை. கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இழுத்தபடியே நின்றிருந்தால் இந்த இடத்தில் சக்கரம் விடுபட்டிருக்கும். அடுத்து, ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட்டின் பின்னால் இருக்கும் நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி, அரைச் சுற்று திறந்தார். குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, அதாவது 'ஏர் எடுக்க', திறக்கும் அதே நிப்பிள்.

இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒரே ஒரு திருகு, இரண்டே பதில். எண்ணெய் பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் குழாய்க்குள் சிறைப்பட்டிருக்கிறது, குற்றவாளி ஹோஸ் அல்லது அதற்கு மேலே உள்ளது. எண்ணெய் சும்மா சொட்டி, சக்கரம் அப்படியே இருந்தால், அழுத்தம் எதுவும் இல்லை, டிரம்முக்குள் ஏதோ ஒன்று இரும்பாக இறுகிக் கிடக்கிறது. எதையும் உடைக்காமல், எதையும் வாங்காமல், பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது அந்த அரைச் சுற்று. பல ஷெட்களில் இதைச் செய்யாமல் நேராக ஹோஸ், சிலிண்டர், ஷூ எல்லாவற்றையும் மாற்றி பில் போடுகிறார்கள். அது வைத்தியம் அல்ல.

என் வண்டியில் எண்ணெய் சொட்டியது, பீச்சவில்லை. நிறமும் சரியில்லை. புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும் பிரேக் ஆயில், கருப்பட்டிக் காப்பியின் நிறத்தில் வந்தது.

டிரம்மைக் கழற்ற முதலில் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டியிருந்தது. பிறகு இரண்டு ஸ்குரூ, மரச் சுத்தியால் சுற்றிலும் நாலு தட்டு, டிரம் வந்துவிட்டது. உள்ளே கறுத்த தூள். பக்கத்திலிருந்த பையன் ஏர் பைப்பை எடுத்தான். பாய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். பழைய லைனிங்குகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்த நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். ஊதக் கூடாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் மெக்கானிக்கிடம் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பையன்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

துடைத்த பிறகு தெரிந்தது ஹெரால்டின் பின் பிரேக். அதன் அமைப்பைப் பார்த்து நான் வியந்து நின்றேன். வீல் சிலிண்டரில் ஒரே ஒரு பிஸ்டன்தான். ஒரு பக்கம் மட்டுமே திறந்த சிலிண்டர். ஆனால் ஷூக்கள் இரண்டு. இரண்டாவது ஷூவை யார் தள்ளுவது? சிலிண்டரே தள்ளுகிறது. அது பேக் பிளேட்டில் போல்ட் போட்டு இறுக்கப்படவில்லை. ஒரு நீள்துளைக்குள் வழுக்கும்படி விடப்பட்டிருக்கிறது. பிஸ்டன் ஒரு ஷூவை முன்னால் தள்ளும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே அளவு விசை சிலிண்டரைப் பின்னால் தள்ளுகிறது, பின்னால் நகரும் சிலிண்டர் மற்ற ஷூவைத் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் விசை தானாகவே சமமாகிவிடுகிறது. ஹேண்ட் பிரேக் லீவரும் இதே சிலிண்டர் உடலின் வழியே நுழைந்து இதே வேலையைச் செய்கிறது. ஒரு பிஸ்டனின் செலவை மிச்சப்படுத்த இயற்கை விதி ஒன்றையே உதிரிபாகமாக்கிக்கொண்ட வடிவமைப்பு.

ஆனால் அந்த விதி வேலை செய்ய, சிலிண்டர் வழுக்க வேண்டும். நீள்துளையின் பின்புறம் ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். என் வண்டியில் அது கிழிந்து பல வருடமாகியிருந்தது. மழைநீரும் சேறும் உள்ளே போய்த் துளையின் விளிம்பில் துரு ஏறியிருந்தது. இரும்பு துருவாக மாறினால், தான் இருந்த இடத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். வழுக்குவதற்கென்று விட்ட கொஞ்ச இடைவெளியும் துருவால் நிரம்பிவிட்டது. நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு நாலு மாதம் விட்டேன் அல்லவா? சிலிண்டர் பின்னால் நகர்ந்து ஷூவை டிரம்மோடு அழுத்திய அதே நிலையில் துரு அதைப் பூட்டிவிட்டது. மதுராந்தகத்தில் லீவரை நான் இறக்கியபோது கேபிள் தளர்ந்தது, சிலிண்டர் அசையவே இல்லை.

பின் பிரேக்கில் லேசான தொடுதலே பெரிய பிடிப்பாக வளர இன்னொரு காரணமும் உண்டு. டிரம் சுழலும் திசையில் பார்த்தால், இரண்டு ஷூக்களில் ஒன்றை டிரம்மின் சுழற்சியே தன்னோடு இழுத்து இன்னும் அழுத்தமாகப் பதிய வைக்கும், மற்றதை விலக்கப் பார்க்கும். முன்சக்கரங்களில் இரண்டு ஷூக்களையும் இழுபடும் விதமாக அமைத்து அதிகப் பிடிப்பு வாங்குவது உண்டு. பின்னால் அப்படிச் செய்வதில்லை. ஏற்றத்தில் நிறுத்தினாலும் இறக்கத்தில் நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக் பிடிக்க வேண்டும் என்பதால் ஒன்று இப்படி, ஒன்று அப்படி. முன்னால் போகும்போது இழுபடும் ஷூ ஒட்டிக்கொண்டால் சுழற்சியே அதற்குத் துணைபோகிறது.

பாய் பிஸ்டனையும் வெளியே எடுத்துக் காட்டினார். சிலிண்டரின் உட்சுவரில் அம்மைத் தழும்புபோலச் சிறு குழிகள். இது எண்ணெயின் வேலை. பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் வகையே அல்ல. கிளைக்கால் ஈதர் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்ட திரவம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். ஹோஸின் ரப்பர் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே வரும். இது ஒருவகையில் நல்லதுதான். உறிஞ்சாவிட்டால் தண்ணீர் தனியாகத் தாழ்ந்த இடத்தில், அதாவது வீல் சிலிண்டரிலேயே, குட்டையாகத் தேங்கும். ஆனால் உறிஞ்சிய ஈரம் கொதிநிலையைக் குறைக்கிறது. டாட் 3 வகைத் திரவத்துக்குப் புதிதில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 140 டிகிரியாவது தாங்க வேண்டும் என்பதே விதி. 65 டிகிரி போய்விட்டது.

விடாத பிரேக்கின் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சூடேறிய டிரம், பழைய எண்ணெயைக் கொதிக்க வைத்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்கலாம். பெடலை மிதித்தால் குமிழ் சுருங்கும், ஷூக்கள் நகராது, கால் தரைவரை போகும். அதிகமாகப் பிடித்த அதே கோளாறு, அடுத்த நிமிடம் எதையுமே பிடிக்காமல் செய்துவிடும். வண்டியை நிறுத்தியதும் டிரம்மை ஆற வைத்த காற்று நின்றுவிடுவதால், சூடு உள்நோக்கிச் சிலிண்டருக்குப் பரவுகிறது. அதனால் டீ குடித்துவிட்டுக் கிளம்பும் அந்தச் சில நிமிடங்கள்தான் மோசமானவை. "ஆறினாலும் ஓட்டாதீங்க" என்று பாய் போனில் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

சரிசெய்தது அரை நாள் வேலை. நீள்துளையின் விளிம்பிலிருந்த துருவை உப்புத்தாளாலும் கம்பி பிரஷ்ஷாலும் எடுத்தார்கள். அரத்தால் ராவித் துளையைப் பெரிதாக்கவில்லை, பெரிதானால் சிலிண்டர் ஆடும். குழி விழுந்த சிலிண்டருக்குப் பதில் புதியது. அதைத் துளையில் பொருத்திவிட்டு, என் விரலால் தள்ளிப் பார்க்கச் சொன்னார் பாய். ஒரு விரலுக்கு நகர்ந்தது. "இவ்ளோதான் சார் இதுக்கு வேணும். ஸ்பிரிங்குக்கு அதுக்கு மேல பலம் கிடையாது." வழுக்கும் இடத்தில் அதிகச் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிய பூச்சாக. பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உரசும் மேடுகளிலும் ஒரு துளி. சிலிண்டருக்குள், ரப்பர் தொடும் இடத்தில், அந்த கிரீஸ் படவே கூடாது. அங்கே பிரேக் ஆயில் மட்டும். இஞ்சின் ஆயிலோ சாதாரண கிரீஸோ அந்த ரப்பரை ஊதவைத்து, பிஸ்டனைச் சிறைபிடித்துவிடும். பிரேக் ஆயில் டப்பாவில் தெரியாமல் இஞ்சின் ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரத்தின் ரப்பரையும் ஹோஸையும் மாற்ற வேண்டிவந்த வண்டிகள் பாயின் ஷெட்டுக்கு வந்திருக்கின்றன.

ஷூ லைனிங் பளபளவென்று கண்ணாடிபோல இறுகியிருந்ததால் இரண்டு பக்கமும் புது லைனிங். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். சூடு பார்த்த ரிட்டர்ன் ஸ்பிரிங்குகளையும் மாற்றினார். ஸ்பிரிங் விலை மற்ற எதையும்விடக் குறைவு, ஆனால் விடும் வேலை முழுக்க அதனுடையது. பழைய ஸ்பிரிங்கை அப்படியே மாட்டுவதை நான் சிக்கனமாகக் கருதமாட்டேன். கிழிந்த ரப்பர் உறைக்குப் பதில் புதியது போட்டதும், எல்லாப் பழைய திரவத்தையும் வெளியேற்றி, புதியதை நிரப்பி, ஏர் எடுத்தார்கள்.

அட்ஜஸ்ட் செய்வதில் ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் மறுபடியும் இதே இடத்தில் வந்து நிற்போம். ஹேண்ட் பிரேக் லீவர் ரொம்ப மேலே வருகிறது என்றால் பலரும் கேபிளை இறுக்கிவிடுகிறார்கள். உண்மையில் தேய்ந்திருப்பது லைனிங். கேபிளை இறுக்கினால், லீவரை இறக்கிய பிறகும் ஷூ முழுதாக உள்ளே வராது. முதலில் பேக் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள சதுரத்தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை திருகி, பிறகு அது உரசாமல் சுற்றும்வரை பின்வாங்க வேண்டும். பெடலை இரண்டு தடவை மிதித்து ஷூக்களை நடுவில் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகும் லீவர் மேலே வந்தால் மட்டுமே கேபிளில் கை வைக்கலாம்.

மாலையில் வண்டலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். சமதளத்தில் நியூட்ரலில் விட்டபோது வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. அவ்வளவு தூரம் அது உருளும் என்பதையே நான் மறந்திருந்தேன். திரும்பி வந்து நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடதும் வலதும் ஒரே வெதுவெதுப்பு.

உங்களிடம் பழைய வண்டி ஒன்று இருந்தால், இன்று ஓட்டிவிட்டு வந்ததும் வீட்டுக்குள் போவதற்கு முன் நான்கு சக்கரங்களிடமும் ஒருமுறை புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், பக்கத்தில் வைத்தாலே தெரியும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தால் மறுநாள் எடுக்காதீர்கள். பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். எங்கள் ஹெரால்ட் இப்போது அப்படித்தான் நிற்கிறது.